அழும் குழந்தைக்கு என்ன பதில்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிறந்த நாள் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் அழுகை, பயம், அடம், கோபம் ஆகியவற்றை எப்படிக் கையாள்வது என்று பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. குழந்தையின் உணர்வை ஏற்றுக்கொள்வது ஒன்று, அது கேட்டதைக் கொடுப்பது வேறொன்று என்பதே இப்பதில்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. நம் வீடுகளில் இவை இரண்டும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுவதால்தான், செல்லம் கொடுத்துக் கெடுக்கிறோமோ என்ற அச்சமும், பிள்ளையை அழவிட்டோமே என்ற உறுத்தலும் ஒரே நாளில் மாறிமாறி வருகின்றன.

உணர்வறிந்து பதிலளிப்பது என்று எதைச் சொல்கிறார்கள்? பெற்றவர்கள் எல்லாரும் இயல்பாகச் செய்வதுதானே அது?

பெருமளவுக்கு இயல்பாகச் செய்வதுதான். மேரி எய்ன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் 1950களில் உகாண்டாவின் சிற்றூர்களிலும், 1960களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலும் வீடுகளுக்கே சென்று, தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளோடு பழகுவதை மணிக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தார். அவர் பிரித்துக் காட்டியவை நான்கு: குழந்தை காட்டும் குறிப்பைக் கவனிப்பது, அதைச் சரியாகப் புரிந்துகொள்வது, அதற்குப் பொருத்தமாக நடந்துகொள்வது, காலந்தாழ்த்தாமல் அதைச் செய்வது. அன்பு நிறைந்தவர்களும் தடுமாறும் இடம் இவற்றுள் இரண்டாவது. தூக்கம் வந்து சிணுங்கும் குழந்தைக்குத் திரும்பத் திரும்பப் பால் கொடுக்கும் தாயிடம் அன்புக்குக் குறைவில்லை. குறிப்பு மட்டும் மாறிப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக வங்கி ஆகியவை மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2018இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்புச் சட்டகத்தில், உடல்நலம், ஊட்டச்சத்து, பாதுகாப்பு, தொடக்கக் கற்றல் ஆகியவற்றுக்குச் சமமாக இதுவும் ஒரு தூணாக வைக்கப்பட்டிருக்கிறது. நமக்கு இது புதிய செய்தி அன்று. பிள்ளைத்தமிழின் பருவங்களைப் பாருங்கள். கைகொட்டச் சொல்லும் சப்பாணி, முத்தம் கேட்கும் முத்தப் பருவம், தளர்நடையிட்டு வரச்சொல்லும் வாரானை ஆகியவை, பெரியவர் அழைக்கக் குழந்தை தன் உடலால் பதில் சொல்லும் விளையாட்டுகளாகவே அமைந்திருக்கின்றன. குழந்தையின் மூளை வளர்வதற்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் தேவை என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

கைக்குழந்தை அழுதவுடன் தூக்கினால் கைப்பழக்கம் ஆகிவிடாதா? "கொஞ்ச நேரம் அழட்டும், நுரையீரல் விரியும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்களே?

நுரையீரல் விரிவதற்காக ஒரு குழந்தை அழ வேண்டியதில்லை. பிறந்தவுடன் மூச்சு சீரானதோடு அந்த வேலை முடிந்துவிடுகிறது. கைப்பழக்கம் என்ற அச்சத்துக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். "நான் அழுதால் அம்மா ஓடி வருவாள், அதனால் அழுகிறேன்" என்று கணக்குப் போடுவதற்கான மூளை வளர்ச்சி முதல் சில மாதங்களில் குழந்தைக்கு இல்லை. பசி, ஈரம், குளிர், வயிற்று உப்புசம், தனிமை ஆகிய எல்லாவற்றையும் தெரிவிப்பதற்கு அதனிடம் இருக்கும் ஒரே வழி அழுகைதான். தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் திறன் பெரியவரின் உடற்சூட்டிலும் குரலிலும் அசைவிலும் பலமுறை அமைதி அடைந்த பிறகுதான் மெல்ல மெல்ல அதற்குள் உருவாகிறது.

எய்ன்ஸ்வர்த்தும் அவருடன் பணியாற்றிய சில்வியா பெல்லும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மாதங்களில் அழுகைக்கு உடனுக்குடன் பதில் பெற்ற குழந்தைகள் முதலாண்டின் இறுதியில் குறைவாக அழுததைக் கண்டார்கள். அது சிறிய ஆய்வு. அதன் முறை பற்றிப் பின்னர் விவாதமும் நடந்தது. எனவே அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும், மூன்று மாதக் குழந்தையைத் தூக்கியதால் அது கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதும் இல்லை. ஏழெட்டு மாதங்களுக்குப் பிறகு நிலைமை சற்று மாறும். அப்போது சிணுங்கலுக்கும் உண்மையான அழுகைக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கே தெரிந்துவிடும். "இதோ வரேன்டா கண்ணு, அடுப்பை அணைச்சிட்டு வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்துப் போனாலும் அதுவும் பதில்தான்.

எதற்காக அழுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அழுகைக்கு முன்பே பார்க்கப் பழகுங்கள். பசியெடுத்த குழந்தை முதலில் வாயைத் திறந்து திறந்து மூடும், தலையை இருபுறமும் திருப்பித் தேடும், கையை வாய்க்குள் கொண்டுபோகும். அழுகை இவற்றுக்கெல்லாம் பிறகு வரும் கடைசி அறிகுறி. தூக்கம் வந்த குழந்தை கண்ணைக் கசக்கும், காதை இழுக்கும், வெறித்துப் பார்க்கும். போதும் போதும் என்று ஆகிவிட்ட குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், முதுகை வில்போல வளைக்கும், விரல்களை விரித்து விறைக்கும்.

இந்த மூன்றாவது வகையை நம் வீடுகளில் பெரும்பாலும் தவறவிடுகிறோம். பெயர்சூட்டு விழாவிலும் காதுகுத்திலும் குழந்தை இருபது கை மாறுகிறது, ஒவ்வொருவரும் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள், ஒலிபெருக்கி அலறுகிறது, மாலையில் குழந்தை வீறிடத் தொடங்கியதும் கண்பட்டுவிட்டது என்று திருஷ்டி சுற்றுகிறோம். திருஷ்டி சுற்றுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. அதற்கு முன் குழந்தையை விளக்கு மங்கலான ஓர் அறைக்குக் கொண்டுபோய், ஒரே ஒருவர் மட்டும் தோளில் சாய்த்து வைத்திருந்தால் பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கும்.

"உரம் விழுந்துவிட்டது" என்று சொல்லிச் சேலையில் போட்டு உருட்டுவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் மட்டும் வேண்டாம். கழுத்து நிற்காத குழந்தைக்கு அது ஆபத்தானது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலும் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தும் தவிர வேறெதுவும், தண்ணீர் உட்பட, தேவையில்லை என்பதால் வசம்பு உரைத்துக் கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை எட்டினாலும், குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும், மூச்சுவிடத் திணறினாலும், உச்சிக்குழி புடைத்திருந்தாலும் காரணத்தை வீட்டில் ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டோம், அழுகை நிற்கவே இல்லை. சில நேரம் எனக்கே பயங்கரக் கோபம் வருகிறது. நான் கெட்ட தாயா?

இல்லை. ஆரோக்கியமான குழந்தைகளின் அழுகையே பிறந்த இரண்டாவது வாரத்தில் கூடத் தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதங்களில் தணிகிறது. மாலை நேரத்தில் அது மிகுதியாக இருக்கும். என்ன செய்தாலும் அடங்காத அழுகையும் அதில் அடக்கம். இது உங்கள் பாலிலோ வளர்ப்பிலோ உள்ள குறையைக் காட்டவில்லை. அந்த வாரங்களில்தான் நீங்களும் தூக்கமின்றி, பிரசவத்தின் வலி ஆறாமல் இருக்கிறீர்கள்.

கோபம் தலைக்கேறுவதை உணர்ந்தால், குழந்தையை மல்லாக்கப் பாதுகாப்பான இடத்தில் கிடத்திவிட்டு, கதவுக்கு வெளியே போய்ச் சில நிமிடம் நில்லுங்கள், முகம் கழுவுங்கள், கணவரையோ அம்மாவையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூப்பிடுங்கள். அந்தச் சில நிமிடம் அழுவதால் குழந்தைக்கு எதுவும் ஆகிவிடாது. ஆத்திரத்தில் ஒருமுறை பலமாக உலுக்கினால் மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்படலாம், பார்வை போகலாம், உயிரே போகலாம். கைக்குழந்தையை எந்தக் காரணத்துக்காகவும் உலுக்கக் கூடாது என்பதை வீட்டில் குழந்தையைத் தூக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லிவையுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, காரணமின்றி அழுகை வருவது, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் இருப்பது ஆகியவை பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். உங்களையோ குழந்தையையோ துன்புறுத்திவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அன்றே, அப்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்; அந்த நேரத்தில் தனியாக இருக்க வேண்டாம்.

ஒன்பது மாதக் குழந்தை. இதுவரை எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே போனவள், இப்போது ஊரிலிருந்து வந்த தாத்தாவைப் பார்த்தாலே அழுகிறாள். தாத்தாவுக்கு மனவருத்தம்.

தாத்தாவிடம் இது நல்ல செய்தி என்று சொல்லுங்கள். தெரிந்த முகத்தையும் தெரியாத முகத்தையும் பிரித்தறியும் அளவுக்குப் பேத்தி வளர்ந்திருக்கிறாள். தாத்தா உடனே கையை நீட்டாமல், நீங்கள் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரோடு சிரித்துப் பேசுங்கள். அவர் ஒரு கிண்ணத்தையோ சாவிக்கொத்தையோ வைத்துத் தானாக விளையாடிக்கொண்டிருக்கட்டும். அவளாக எட்டிப் பார்ப்பாள். ஓரிரு நாளில் மடிக்கே போய்விடுவாள். "தாத்தாகிட்டப் போ" என்று அழும் குழந்தையைத் திணித்தால்தான் இது வாரக்கணக்கில் நீளும்.

வேலைக்குக் கிளம்பும்போது அழுகிறான். "காக்கா பாரு" என்று பாட்டி போக்குக்காட்ட, நான் பின்வாசல் வழியாக நழுவிவிடுகிறேன். அழுகையே இல்லை. இது நல்ல வழிதானே?

பெரியவர்களுக்கு வசதியான வழி, குழந்தைக்கு அல்ல. காக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அம்மா இல்லை என்பதை இரண்டு மூன்று முறை அனுபவித்த குழந்தை, அடுத்து நீங்கள் குளியலறைக்குப் போனாலும் பின்தொடர்ந்து வந்து கதவைத் தட்டும். எப்போது மறைவீர்கள் என்று தெரியாததால் எப்போதும் காவல் காக்கத் தொடங்குகிறது.

சொல்லிவிட்டுப் போங்கள். "அம்மா ஆபீஸ் போயிட்டு, நீ தூங்கி எழுந்து பால் குடிச்சதும் வந்துடுவேன்" என்பது போல, கடிகாரத்தை அல்லாமல் குழந்தையின் நாளில் நடக்கும் ஒன்றை அடையாளமாகச் சொல்லுங்கள். கையசைத்துவிட்டுக் கிளம்பினால் கிளம்பியதுதான். வாசலிலிருந்து மூன்று முறை திரும்பி வந்து கொஞ்சாதீர்கள். அவன் அழுவான். பாட்டி அந்த அழுகையை உடனே துடைத்தெறியப் பார்க்காமல், "அம்மா போனது உனக்குக் கஷ்டமா இருக்கு, வந்துடுவா ராசா" என்று தூக்கி வைத்துக்கொண்டால் போதும். சொன்னபடி திரும்பி வருவதுதான் இதில் மருந்து. வீட்டில் இருக்கும்போது ஒளிந்து விளையாடும் "காணோம் காணோம்... இதோ!" விளையாட்டு, மறைந்தவர் திரும்பி வருவார் என்பதை அழுகை இல்லாமல் கற்றுக்கொடுக்கிறது. அங்கன்வாடியிலோ காப்பகத்திலோ சேர்க்கும்போதும் இதே முறைதான்: முதல் சில நாள் நீங்களும் கூட உட்கார்ந்து, பிறகு அரை மணி, ஒரு மணி என்று பிரியும் நேரத்தைக் கூட்டுங்கள்.

காப்பகத்தில் முதல் வாரம் அழுதாள். இப்போது அழுவதே இல்லை, ஓர் ஓரமாக அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள் என்கிறார்கள். பழகிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவள் விளையாடுகிறாளா, சாப்பிடுகிறாளா, அங்கிருக்கும் அக்காக்களில் ஒருவரையாவது தேடிப் போகிறாளா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் பழகிவிட்டாள். ஓரமாக உட்கார்ந்திருப்பது மட்டுமே அமைதி என்றால் அது வேறு.

இதைப் பெரியவர்கள் புரிந்துகொண்ட வரலாறு கொஞ்சம் வேதனையானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பெற்றோர் நினைத்த நேரத்தில் பார்க்க முடியாது; பார்வை நேரம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. பெற்றோர் வந்துபோனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் "நல்ல பிள்ளையாக" இருக்கிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தாய்-சேய் பிணைப்பை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் எட்டு நாள் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்து 1952இல் திரையிட்டுக் காட்டினார். குழந்தை முதலில் எதிர்த்து அழுகிறது, பிறகு நம்பிக்கையிழந்து ஒடுங்குகிறது, பிறகு ஒட்டுதலற்றுப் போகிறது என்று அவர் விளக்கியபோது மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். 1959இல் பிளாட் குழு என்ற அரசுக் குழு பார்வை நேரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பரிந்துரைத்தது. குழந்தைகள் வார்டில் இன்று தாய் உடன் தங்குவது இயல்பாகத் தோன்றுகிறது. அங்கே அது போராடிப் பெறப்பட்ட ஒன்று.

கடையில் பொம்மை கேட்டுத் தரையில் புரண்டு அழுகிறான் இரண்டரை வயது மகன். எல்லாரும் பார்க்கிறார்கள். வாங்கிக் கொடுப்பதா, அடிப்பதா?

இரண்டும் வேண்டாம். ஆசையை அடக்கவும் ஏமாற்றத்தைத் தாங்கவும் உதவும் மூளையின் முன்பகுதி முழுமையாக வளர இருபது வயதைத் தாண்டிய பிறகும் சில ஆண்டுகள் ஆகும். இரண்டரை வயதில் விருப்பம் மலையளவு, சொல் கையளவு. அந்த இடைவெளிதான் தரையில் புரள்கிறது.

முதலில் உங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். குனிந்து அவன் கண்மட்டத்துக்கு வாருங்கள். "அந்த லாரி உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. வேணும்னு இருக்கு. வாங்கலைன்னு கோபம் கோபமா வருது, இல்ல?" என்று அவன் மனத்தில் இருப்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். அடுத்து, எல்லையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: "இன்னைக்கு வாங்க மாட்டோம்." அதற்கு மேல் விளக்கமோ, பாட்டியின் பென்ஷன் கணக்கோ வேண்டாம், அழுகையின் உச்சத்தில் இருக்கும் குழந்தைக்கு நியாயம் காதில் விழாது. தலையை மோதிக்கொள்ளாமலும் பிறரை அடிக்காமலும் பார்த்துக்கொண்டு, தேவையானால் தூக்கிக்கொண்டு கடைக்கு வெளியே வந்து, புயல் ஓயும் வரை பக்கத்தில் இருங்கள். ஓய்ந்த பிறகு தண்ணீர் கொடுங்கள், அணைத்துக்கொள்ளுங்கள். அணைப்பது பரிசாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். லாரி கிடைக்கவில்லை, அம்மா கிடைத்தாள், அவ்வளவுதான்.

கொடுப்பதாக இருந்தால் முதல்முறை கேட்டபோதே கொடுத்துவிடுங்கள். மறுத்துவிட்டுப் பத்து நிமிட அழுகைக்குப் பிறகு கொடுத்தால், பத்து நிமிடம் அழுதால் கிடைக்கும் என்ற பாடத்தைத்தான் நடத்தியிருக்கிறீர்கள். இன்னொன்று: பசித்த குழந்தையையும் மதியத் தூக்கம் தவறிய குழந்தையையும் கடைக்குக் கூட்டிப் போவதைத் தவிர்த்தாலே இந்தக் காட்சிகளில் ஒரு பகுதி நடக்காது. பார்க்கிற கூட்டத்தைப் பற்றி: அவர்களில் பாதிப் பேர் இதே இடத்தில் நின்றவர்கள்தான்.

விழுந்து அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தத் தரையை அடிக்கிறோம். சாப்பிட மறுத்தால் பூச்சாண்டி, ஊசி, போலீஸ் என்று பயமுறுத்துகிறோம். இதிலெல்லாமா தவறு பார்ப்பது?

தரையை அடிப்பது ஒரு விளையாட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அதற்கு முன் "வலிக்குதா? எங்கே, காட்டு" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வலி கவனிக்கப்படுவதுதான் குழந்தைக்கு வேண்டியது. பூச்சாண்டி விஷயத்தை அப்படி விட முடியாது. மூன்று வயதுக் குழந்தைக்குக் கற்பனைக்கும் உண்மைக்கும் இடையிலான கோடு இன்னும் அழுத்தமாக விழவில்லை. பகலில் சோறு ஊட்டப் பயன்பட்ட பூச்சாண்டி இரவில் படுக்கைக்கு வருவான். ஊசியைக் காட்டிப் பயமுறுத்தப்பட்ட குழந்தை, உண்மையில் உடம்புக்கு முடியாமல் மருத்துவரிடம் போகும்போது தண்டனைக்குப் போவதாக எண்ணி அலறும். போலீஸ்காரரும் அப்படித்தான்: கூட்டத்தில் தொலைந்துபோனால் யாரிடம் ஓடவேண்டுமோ அவரைக் கண்டே அது ஒளிந்துகொள்ளும்.

"ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று மாமனார் நான்கு வயதுப் பேரனைக் கேலி செய்கிறார்.

அழலாம். கண்ணீருக்கு ஆண் பெண் கிடையாது. சின்ன வயதில் அழத் தடை விதிக்கப்பட்டவர்களுக்குப் பெரிய வயதில் கோபம் ஒன்றுதான் வெளிப்படுத்தத் தெரிந்த உணர்வாக மிஞ்சிவிடலாம். மாமனாரிடம் வாதாடுவதைவிட, அவர் எதிரிலேயே குழந்தையின் அப்பா மகனைத் தூக்கி, "அழுகை வந்தா அழு, அப்பா பக்கத்துல இருக்கேன்" என்று சொல்வது வேலை செய்யும்.

நானும் கணவரும் ஒரு முறையில் வளர்க்க நினைக்கிறோம், அத்தை வேறு மாதிரி நடத்துகிறார். குழந்தை குழம்பிவிடாதா?

பாட்டி வீட்டுச் சட்டம் வேறு, அம்மா வீட்டுச் சட்டம் வேறு என்பதைக் குழந்தைகள் வியப்பூட்டும் வேகத்தில் புரிந்துகொள்கிறார்கள். ஒரு முறுக்கு கூடுதலாகக் கிடைப்பதால் யாரும் குழம்புவதில்லை. அன்பாகப் பதில் சொல்லும் பெரியவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருப்பது குழந்தைக்குச் சொத்து. விட்டுக்கொடுக்க முடியாதவை என்று இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்: அடிக்கக் கூடாது, பயமுறுத்தக் கூடாது, சொல்லாமல் நழுவக் கூடாது. அவற்றையும் குழந்தை முன்னால் பேசாதீர்கள். "அத்தை, நீங்க தூக்கினா உடனே அடங்கிடுறான், என்கிட்ட அப்படி அடங்க மாட்டேங்கிறான். ஒண்ணு மட்டும், பூச்சாண்டி சொன்னா ராத்திரி எழுந்து அழறான், அதை மட்டும் விட்டுடலாமா?" என்று கேட்டால், பெரும்பாலான மாமியார்கள் இணங்கிவிடுவார்கள். தம் மகனை வளர்த்தவர் என்ற மதிப்பு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

செல்போன் காட்டினால்தான் சாப்பிடுகிறாள். அழுகையும் அதில்தான் நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்கு முன் திரை பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. கணக்கைவிட முக்கியமானது, திரை எந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது. திரையைப் பார்த்துக்கொண்டே விழுங்கும் குழந்தை தன் வயிறு நிறைந்ததை உணர்வதில்லை. அழும்போதெல்லாம் திரையைப் பெறும் குழந்தை, அழுகை எப்படித் தணிகிறது என்பதைத் தன்னுள் காண்பதேயில்லை. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியதும் கவனத்தைத் திருப்பும் உத்திதானே என்று கேட்கலாம். உத்திதான், ஆனால் அதில் ஊட்டும் முகம் ஒன்று எதிரே இருந்தது, வாயைத் திருப்பிக்கொண்டால் அந்த முகம் நிறுத்திக்கொண்டது. ஒரு வாரம் குழந்தை குறைவாகச் சாப்பிடும் என்று எதிர்பார்த்தே இதை விடத் தொடங்குங்கள். தானே அள்ளிச் சாப்பிட விடுங்கள், சிந்தட்டும். உங்கள் செல்போனும் அந்த அரை மணி நேரம் வேறு அறையில் இருக்கட்டும்.

அடியாத மாடு படியாது என்பார்கள். ஒரு சின்ன அடிகூடக் கூடாதா?

மாட்டைப் பற்றிய பழமொழி அது. அடி அந்த நேரத்தில் செயலை நிறுத்தும் என்பது உண்மை. ஏன் செய்யக் கூடாது என்பதையோ அடுத்தமுறை என்ன செய்யலாம் என்பதையோ அது கற்றுக்கொடுப்பதில்லை. அடிக்கப்பட்ட குழந்தைகளிடம் முரட்டுத்தனம் கூடுவதாகவே ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. தம்பியை அடித்த அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்தி, "கோபம் வரலாம், அடிக்கக் கூடாது. வந்து என்கிட்ட சொல்லு" என்று சொல்வது அடியைவிட மெதுவாகத்தான் வேலை செய்யும்.

நேற்று பொறுமையிழந்து பயங்கரமாகக் கத்திவிட்டேன். அவள் முகம் வாடிப்போனது. இனி என்ன செய்தாலும் சரியாகாதோ?

சரியாகும். எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். தாய் தன் குழந்தையோடு வழக்கம்போல் விளையாடிவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் எந்த உணர்வும் காட்டாமல் இருக்க வேண்டும். சில மாதக் குழந்தைகள்கூட உடனே கவனித்துவிட்டன. சிரித்தும், கை நீட்டியும், குரலெழுப்பியும் தாயை மீட்கப் பார்த்து, முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதன. தாய் மீண்டும் பழையபடி ஆனதும் பெரும்பாலான குழந்தைகள் படிப்படியாக அவளோடு சேர்ந்துகொண்டன. இயல்பான நேரங்களிலேயே தாயும் சேயும் இசைந்திருப்பது பாதிப்பொழுதுக்கும் குறைவு என்பதையும் அவர் ஆய்வுகள் காட்டின. தவறவிடுவதும் மீண்டும் சேர்வதுமாகத்தான் எல்லா உறவும் நகர்கிறது; சேரும் அனுபவம்தான் குழந்தைக்கு நம்பிக்கை தருகிறது.

ஆகவே போய் உட்கார்ந்து, "அம்மா சத்தமா கத்திட்டேன், நீ பயந்துட்ட. அது உன் தப்பில்ல. அம்மா கோபத்தைச் சரியாச் சொல்லலை, மன்னிச்சுக்கோ" என்று சொல்லுங்கள். குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்பது வெறும் அச்சம். "நீ அப்படிச் செய்ததாலதான் கத்தினேன்" என்று மட்டும் இறுதியில் சேர்த்துவிடாதீர்கள். அதோடு மன்னிப்பு ரத்தாகிவிடும்.

இருவரும் வேலைக்குப் போகிறோம். மாலையில் இரண்டு மணி நேரந்தான் கிடைக்கிறது. போதுமா?

அமெரிக்காவில் 1991இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், குழந்தை காப்பகத்தில் இருப்பது மட்டுமே தாயுடனான பிணைப்பைக் குலைப்பதில்லை என்றும், தாய் எவ்வளவு உணர்வறிந்து நடக்கிறார் என்பதே பெரிதும் பொருட்படுகிறது என்றும் தெரியவந்தது. வீட்டுக்கு வந்தவுடன் பாத்திரத்தைத் தேய்க்காமல் முதல் இருபது நிமிடம் தரையில் உட்காருங்கள். அந்த நாளின் கோபமும் அழுகையும் அப்போதுதான் கொட்டும், ஏனென்றால் கொட்டுவதற்கு உங்களுக்காகத்தான் காத்திருந்தது. குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதும் அப்பாவின் வேலையாகவும் இருக்கட்டும்.

எவ்வளவு கொஞ்சினாலும் மகன் திரும்பிப் பார்ப்பதில்லை. நாங்கள் சரியாகப் பழகவில்லை என்கிறார்கள் உறவினர்கள்.

உறவினர்கள் சொல்வதை ஒதுக்கிவிட்டுக் குழந்தையின் செவித்திறனை முதலில் பரிசோதியுங்கள். ஒரு வயது ஆகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாமை, பேசிய சொற்களும் மறைந்துபோதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்; அது ஆட்டிசம் என்னும் வளர்ச்சி வேறுபாட்டின் அறிகுறியாகவும் இருக்கலாம். தாயின் அன்பின்மையால்தான் ஆட்டிசம் வருகிறது என்று இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சொல்லப்பட்ட கருத்து தவறென்று எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. அதன் எச்சம் மட்டும் நம் உறவினர் வாயில் இருக்கிறது. 2013 முதல் நடைபெறும் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன; அவர்கள் தேவைப்பட்டவர்களை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழுவின் வருகைக்குக் காத்திராமல் நீங்களே அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் கேட்டும் அங்கே செல்லலாம். இத்தகைய குழந்தைகளும் குறிப்புக் காட்டுகிறார்கள், ஆனால் வேறு விதமாக: கண்ணைப் பார்க்காதவன் உங்கள் கையைப் பிடித்து அலமாரிக்கு இழுத்துப் போவான். அந்த இழுப்புக்குப் பதில் சொல்லத் தொடங்குங்கள். எப்படி என்பதை அங்குள்ள பயிற்சியாளர் உங்களுக்குச் செய்துகாட்டுவார்.